"முகம் பூ அல்ல, பிழை" என்று எழுதும் மகனுக்குத் தமிழ்ப் பாட விலக்கு வாங்கலாமா?

தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 12 வயது, மாநிலப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பு. 5 வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். நன்றாகப் பேசுவான், கணக்கில் கெட்டி, புணர்ச்சி விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடியே எடுத்துக்கொள்கிறான். "இன்னொரு தடவை பேசினா வாயைத் தைச்சிடுவேன்" என்று ஓர் ஆசிரியர் வகுப்பைப் பொதுவாக அதட்டியதைக் கேட்டு, மறுநாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதிருக்கிறான். தாத்தா இறந்தபோது "சாமிகிட்ட போயிட்டார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கோயிலுக்குள் காலெடுத்து வைக்க மறுக்கிறான். "கண்ணே" என்று அழைத்தால், "நான் உன் கண் இல்லை, ஏன் பொய் சொல்றே?" என்கிறான்.

தேர்வில் உருவக அணியின் இலக்கணத்தை ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, 'முகத்தாமரை' என்ற எடுத்துக்காட்டுக்கு எதிரே "முகம் பூ அல்ல. பிழை" என்று எழுதி மதிப்பெண்ணை இழந்திருக்கிறான். கூடப் படிக்கும் பையன்கள் சிலர், "நீதான்டா கிளாஸ்லயே பெரிய அறிவாளி" என்று சொல்லிச் சிரித்தபோது அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறான். தமிழ்ப் பாடத்துக்கு விலக்கு வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். தாய் முக்கியமாகக் கேட்பவை மூன்று. இவன் கற்பனையே இல்லாத பிள்ளையா? இனி வீட்டில் எல்லாவற்றையும் நேராக மட்டும் பேசி, மரபுத்தொடர் புத்தகம் ஒன்றை மனப்பாடம் செய்ய வைத்தால் சரியாகிவிடுமா? விலக்குக் கேட்பது நல்லதா?

அன்புள்ள அம்மா,

விலக்கு பற்றிய என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வேண்டாம். மனிதர்கள் சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று என்று இருப்பதுதான் உங்கள் மகனை அலைக்கழிக்கிறது. அப்படிப் பேசும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பெயர் வைத்து, உறுப்புகளாகப் பிரித்து, விதி சொல்லிக் கற்றுத்தரும் இடம் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான். அது தமிழ் இலக்கண வகுப்பு. விதி என்றால் உயிரை விடும் பிள்ளையை அங்கிருந்து வெளியே எடுத்துவிட்டால், இதையெல்லாம் அவனுக்கு வேறு யார் கற்றுத்தருவார்கள்? அவனை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வையுங்கள். அவனுக்குப் பயிற்சி தரும் பேச்சு மொழிப் பயிற்சியாளரிடம் இதைக் காட்டி, அவனுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கற்பனை இல்லாத பிள்ளையா?

உங்கள் கடிதத்தின் நடுவில், வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை பெய்தபோது, "யாரோ அரிசி கொட்டுற மாதிரி இருக்கும்மா" என்றானாம். இதை ஓர் எரிச்சலோடுதான் குறிப்பிட்டிருக்கிறீர்கள், அன்றிரவு சத்தம் தாங்காமல் அவன் தூங்கவில்லை என்பதற்காக. ஆனால் அந்த வரியைப் பாருங்கள். அதில் பொருளாக மழை இருக்கிறது, உவமையாக அரிசி இருக்கிறது, 'மாதிரி' என்ற உவம உருபும் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஒலியை அவனே கண்டுபிடித்திருக்கிறான். தொல்காப்பியத்தின் உவமவியல், ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட நான்கு வழிகள் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், அதனால் கிடைக்கும் நன்மை, வடிவம், நிறம். விழும் துளியையும் கொட்டும் அரிசியையும் இணைத்த உங்கள் மகன் இந்த நான்கில் முதல் வழியில் போயிருக்கிறான். இவனுக்குக் கற்பனை இல்லை என்று இனி யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அவனுக்குக் கடினமாக இருப்பது வேறு. அடுத்தவர் செய்த ஒப்பீட்டை, அவர் எதற்காகச் செய்தார் என்று ஊகிப்பதில்தான் தடுமாறுகிறான். 1993இல் வெளியான, உளவியலாளர் பிரான்செஸ்கா ஹாப்பேயின் ஆய்வு இதைப் படிகளாகப் பிரித்துக் காட்டியது. உவமை புரிய சொற்களின் பொருள் தெரிந்தால் போதும், ஏனென்றால் 'போல' என்ற சொல்லே இது ஒப்பீடு என்று அறிவித்துவிடுகிறது. உருவகத்தில் அந்த அறிவிப்பு இல்லை. பேசுபவர் மனதில் இருப்பதை நாம் ஊகிக்க வேண்டும். குத்தல் பேச்சுக்கு இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். அதற்குப் பிறகு 2005இல் கோர்ட்டனே நோர்பரி செய்த ஆய்வு, பெற்றோருக்கு நம்பிக்கை தரும் ஒன்றைச் சேர்த்தது. உருவகம் புரிவதில் பெரிய பங்கு, சொற்களைப் பற்றிய ஆழமான அறிவுக்கு இருக்கிறது. தாமரையைப் பற்றி நிறையத் தெரிந்த குழந்தைக்கு முகத்தாமரை எளிதில் பிடிபடும். மனதைப் படிக்கும் திறமையைப் புட்டியில் அடைத்துக் கொடுக்க முடியாது. ஆனால் சொல்லறிவைக் கற்றுக்கொடுக்க முடியும்.

ஆகவே மரபுத்தொடர் புத்தகத்தை மனப்பாடம் செய்ய வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகும், அதில் இல்லாத தொடர் ஒன்று நாளைக்கே காதில் விழும்.

'ஏன் பொய் சொல்றே?' என்ற கேள்வி

கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். இதற்குத் தெளிவான பதில் கிடைத்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகக் கூடி வரும். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்பது அவனுக்குப் பதிலே அல்ல. அவன் கேட்பது நியாயமான கேள்வி. நான் கண் இல்லை என்று உனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்கிறாய் என்றால் அது பொய்தானே?

அவனுக்கு இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுங்கள். ஒன்று: சொல்பவருக்கு அது அப்படியே உண்மையில்லை என்று தெரியுமா? இரண்டு: கேட்பவருக்கும் அது தெரிய வேண்டும் என்று அவர் விரும்புகிறாரா? பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும், ஆனால் கேட்பவருக்குத் தெரியக் கூடாது என்று நினைக்கிறார். அணியில் இருவருக்குமே தெரியும், தெரிய வேண்டும் என்பதுதான் சொல்பவரின் விருப்பமும். கவிஞர் முகத்தைத் தாமரை என்கிறார், அது பூ இல்லை என்று நீயும் அறிவாய் என்ற நம்பிக்கையில்தான் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் உங்கள் மகன் விடைத்தாளில் எழுதிய "முகம் பூ அல்ல" என்பது சரியான தொடக்கம். அவன் விட்டுவிட்டது அடுத்த வரியை மட்டும்தான்: "ஆனாலும் கவிஞர் ஏன் அப்படிச் சொன்னார்?" வீட்டில் பயிற்சி செய்யும்போது முதல் வரியை அவன் எழுதட்டும், தடுக்காதீர்கள். அதற்குக் கீழே 'ஆனாலும்' என்று தொடங்கும் ஒரு வெற்றுக் கோடு போட்டு வையுங்கள்.

'கண்ணே' என்பதற்கும் இதே வழிதான். "நீ என் கண் இல்லை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஆனாலும் கண்ணுல தூசி பட்டா உடனே பதறிப் பார்ப்போம்ல, அந்த அளவுக்கு உன்னைப் பத்திரமா பார்த்துக்கிறேன், அதனால சொல்றேன்" என்று ஒருமுறை விளக்குங்கள். அப்புறமும் அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள், வருத்தப்படாதீர்கள்.

அதே இரண்டு கேள்விகள் அந்தப் பையன்கள் செய்ததையும் காட்டிக்கொடுக்கும். 'அறிவாளி' என்று சொன்னவர்களுக்கு அது உண்மையில்லை என்ற எண்ணம். சுற்றியிருந்த மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டும், உங்கள் மகனுக்கு மட்டும் தெரியக் கூடாது. இதை அணி என்றோ விளையாட்டு என்றோ எடுத்துக்கொள்ள முடியாது, இது துன்புறுத்தல். அவன் புரிந்துகொள்ளாதது அவன் தவறு என்று அவனுக்கு ஒருபோதும் தோன்றக் கூடாது. தலைமையாசிரியரிடம் தேதி போட்டு எழுத்தில் தெரிவியுங்கள்.

எந்த வரிசையில் கற்றுத்தருவது

உவமையில் தொடங்குங்கள், அதுவும் நான்கு உறுப்பும் வெளியே தெரியும் உவமையில். "தாமரை போன்ற சிவந்த முகம்" என்பதில் தாமரை உவமை, முகம் பொருள், 'போன்ற' உருபு, சிவப்பு பொதுத்தன்மை. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். பிறகு 'சிவந்த' என்பதை எடுத்துவிட்டு, பொதுத்தன்மையை அவனே தேடட்டும். தேடும்போது தொல்காப்பியம் சொன்ன நான்கையும் வரிசையாகக் கேட்கப் பழக்குங்கள்: செயலா, பயனா, வடிவமா, நிறமா? புலி போன்ற வீரன் என்றால் வரிக்கோடு அல்ல, பாய்ச்சல். மழை போன்ற கை என்றால் ஈரம் அல்ல, கொடை. பவளம் போன்ற இதழ் என்றால் கடினம் அல்ல, நிறம். "எல்லாம் பொருந்த வேண்டாம், ஒன்று பொருந்தினால் போதும்" என்பதை அவன் கேட்டால் நிம்மதியடைவான் என்று நினைக்கிறேன். நேர்ப்பொருள் பிடிக்கும் பிள்ளைகள் பலர், எல்லாமே பொருந்தியாக வேண்டும் என்று எண்ணித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது உருவகம். இங்கே தமிழ் ஒரு நல்ல அடையாளம் தருகிறது. மலர்முகம் என்று உவமை முன்னால் வந்தால் அது உவமைத்தொகை. முகமலர் என்று இடம் மாறி வந்தால் உருவகம். இந்த இடமாற்ற விதியை அவன் ஒரே நாளில் பிடித்துக்கொள்வான், பிடித்துக்கொண்டால் "பிழை" என்று எழுதிய இடத்தில் "வரிசை மாறியிருக்கிறது, ஆகவே உருவகம்" என்று எழுதுவான். பொருள் புரிவது அதற்குப் பின்னால் மெதுவாக வரட்டும்.

பிறகு ஆகுபெயர். வீட்டுப் பேச்சில் அதிகம் புழங்குவது இது. "ஊரே சிரிக்குது", "தலைக்கு ஒரு பழம் கொடு", "பால் வந்துட்டாரா?" ஊர் என்றது ஊர்மக்களை, தலை என்றது ஆளை, பால் என்றது பால்காரரை. 'எதைச் சொல்லி எதைக் குறித்தார்கள்' என்று இரண்டு பத்தியில் எழுதினால் போதும்.

மரபுத்தொடரில் இரண்டு வகை உண்டு. "கை கொடுத்தான்" என்றால் உதவினான் என்று யோசித்துக் கண்டுபிடிக்கலாம். "கம்பி நீட்டினான்" என்றால் நழுவி ஓடினான் என்று எவ்வளவு யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது, சொல்லித்தான் தெரிய வேண்டும். முதல் வகையை யோசிக்க விடுங்கள், இரண்டாவது வகையைப் பேச்சில் வரும்போது ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுங்கள். இன்னும் சில, இரண்டு பொருளும் தரும். "கையைக் கழுவினான்" என்றால் தண்ணீர். "நண்பனைக் கை கழுவினான்" என்றால் கைவிட்டான். யாரை என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் பதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் வேற்றுமையை அத்துப்படியாக வைத்திருக்கும் பையனுக்கு இது நல்ல துப்பு.

கடைசியாக இரண்டு அணிகள். இவை மேல்வகுப்புப் பாடம்தான், ஆனால் இவனுக்கு முன்கூட்டியே தேவை. முதலாவது தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன. "வாரல் என்பன போல் மறித்துக் கை காட்ட" என்கிறார் இளங்கோவடிகள். கொடி அசைந்தது காற்றால். வராதே என்று கை காட்டியதாகச் சொன்னது, கோவலனுக்கு நேரப்போவதை அறிந்த கவிஞர். 'உண்மைக் காரணம்', 'கவிஞர் ஏற்றிய காரணம்' என்று இரு பத்தி போட்டால், அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிக்கும் பயிற்சியாகவே அது ஆகிவிடும். இரண்டாவது வஞ்சப்புகழ்ச்சி. "தேவர் அனையர் கயவர்" என்று தொடங்கும் குறளைக் கேட்டால் கயவரைத் தேவரோடு ஒப்பிட்டுப் புகழ்வது போலிருக்கும். ஏன் என்று அடுத்த அடி சொல்லும்: இருவரும் தாம் விரும்பியதையே செய்து திரிவார்கள், கேட்பாரில்லை. புகழ்ச்சியின் காரணம் புகழத்தக்கதா என்று பார்க்க அவன் பழகிவிட்டால், 'அறிவாளி' என்று சிரிப்பவர்களையும் அதே கேள்வியால் அளந்து பார்ப்பான்.

இதற்கெல்லாம் அவசரம் வேண்டாம். ஒரு படி நன்றாக ஊன்றிய பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

வீட்டில் எங்கே நேராகப் பேச வேண்டும்

எல்லாவற்றையும் நேராகப் பேசுவது என்று முடிவெடுத்தால் உங்களால் இரண்டு நாள்கூடத் தாங்க முடியாது. அவனும் வெளியுலகத்துக்குத் தயாராக மாட்டான். வழக்கம்போலப் பேசுங்கள், பேசியவுடன் 'அதாவது' என்று சேர்த்து நேர்ப்பொருளைச் சொல்லுங்கள். "எனக்கு வயிறு எரியுது, அதாவது கோபமும் வருத்தமும் சேர்ந்து இருக்கு, வயித்துல வலி இல்லை."

ஆனால் சில விஷயங்களில் அணி கூடவே கூடாது. ஆபத்து, உடம்பு, இறப்பு, அவன் உடனே செய்ய வேண்டிய வேலை. "சைலன்சர் தொட்டா பழுத்துடும்" என்பதைவிட "சூடா இருக்கு, தொட்டா தோல் வெந்துடும், தொடாதே" என்பது நல்லது. மருத்துவரிடம் போகும்போது "தலை சுத்துதா?" என்று அவர் கேட்டால் அவன் இல்லை என்பான், ஏனென்றால் தலை கழுத்தில்தான் இருக்கிறது. பார்ப்பதெல்லாம் சுழல்வதுபோல இருக்கிறதா, விழுந்துவிடுவோம் என்று தோன்றுகிறதா என்று கேட்கும்படி முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

தாத்தா விஷயத்தை இந்த வாரமே சரிசெய்யுங்கள். குழந்தையின் மனம் நோகக் கூடாது என்றுதான் சாமியிடம் போனதாகச் சொன்னீர்கள், புரிகிறது. ஆனால் அவன் கணக்கில், கோயிலில் சாமி இருக்கிறார், சாமியிடம் போன தாத்தா திரும்பவில்லை, கோயிலுக்குப் போனால் நானும் திரும்ப மாட்டேன். அவன் கோயிலுக்குப் பயப்படுவது இதனால்தான் என்று தோன்றுகிறது. உட்கார வைத்து நேராகச் சொல்லுங்கள்: "தாத்தா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இறந்தவங்க திரும்பி வர மாட்டாங்க. கோயிலுக்குப் போறதால யாரும் இறக்கறதில்லை." அழுவான், அழட்டும். 'இயற்கை எய்தினார்' என்று ஏன் சொல்கிறோம், விளக்கை 'அணை' என்னாமல் 'குளிர வை' என்று ஏன் சொல்கிறோம் என்பதை மங்கலம் என்ற தலைப்பில் பிறகு ஒருநாள் படித்துக்கொள்ளலாம்.

விலக்கு பற்றிச் சட்டம் சொல்வது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும், பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. பாடத்திட்டத்திலும் தேர்விலும் செய்ய வேண்டிய மாற்றங்களைச் சொல்லும் 17ஆம் பிரிவு, கூடுதல் நேரம், எழுத உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிட்டே சொல்கிறது. ஆக, கேட்பது சலுகைக்குக் கையேந்துவது ஆகாது. அதில் உங்கள் கணவருக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்தில் இருப்பது இரண்டாம், மூன்றாம் மொழி. உங்கள் மகன் படிக்கும் பாடத்திட்டத்தில் தமிழ் பகுதி 1, அதாவது முதல் மொழி. ஆகவே விலக்கு என்றாலே தமிழுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அவனிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். எந்த மொழிக்கு, எந்தச் சான்றின் பேரில் என்பதைத் தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மாற்றுத்திறன் சான்றும் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டையும் இன்னும் வாங்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். பல சலுகைகளுக்குச் சான்றில் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற அளவைக் கேட்பார்கள்.

வாயைத் தைப்பேன் என்ற ஆசிரியர்மீது புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது என்பது உண்மை. ஆனால் அவர் உங்கள் மகனைக் குறிவைத்துச் சொல்லவில்லை, அவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு போய் நேரில் பேசுங்கள். சொன்ன பிறகும் தொடர்ந்தால் அப்போது புகாரைப் பற்றி யோசிக்கலாம்.

பள்ளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் இப்போதைக்கு மூன்றைக் கேளுங்கள்: தமிழ்த் தேர்வில் கூடுதல் நேரம், அணி வினாவில் நேர்ப்பொருளை எழுதிவிட்டு 'ஆனாலும்' என்று விளக்கினால் அதற்கு மதிப்பெண், வகுப்பில் புரியாத தொடரை அவன் கேட்டால் மற்றவர்கள் சிரிக்காதபடி ஓர் ஏற்பாடு. பொதுத்தேர்வு பத்தாம் வகுப்பில்தான், இன்னும் காலம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்போது அவன் தமிழ் விடைத்தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அப்போதும் திணறுகிறான் என்றால் விலக்குக்கு எழுதலாம், எழுதுவதற்கு முன் அவனிடமும் கேளுங்கள்.